11 கட்டிலில் தொடங்கிய கண் ஆஸ்பத்திரி

காசு கொடுப்பவருக்கும் சிகிச்சை! கொடுக்காதவருக்கும் அதே சிகிச்சை!
ஓய்வு பெற்ற டாக்டர் போட்ட கணக்கு

1976-ம் ஆண்டு.

மதுரை அண்ணா நகரில் ஒரு சாதாரண வீடு. அந்த வீட்டுக்குள் 11 கட்டில்கள் போட்டார்கள். "இதுதான் கண் ஆஸ்பத்திரி" என்றார்கள்.

11 கட்டிலில் 5 கட்டில் காசு கொடுக்கும் நோயாளிகளுக்கு. மீதி 6 கட்டில் காசு கொடுக்க முடியாதவர்களுக்கு!

பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? "பாதிக்கு மேல் இலவசம் என்றால் ஆஸ்பத்திரி எத்தனை நாள் ஓடும்?" என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரி ஓடியது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல. 50 ஆண்டு ஓடிவிட்டது. 11 கட்டில் ஆயிரக்கணக்கான கட்டில்கள் ஆயின. அங்கே நடக்கும் கண் ஆபரேஷன்கள் இன்று ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் மேல்!

அதுதான் மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. அதைத் தொடங்கியவர் டாக்டர் கோ. வெங்கடசாமி.

இலவசமாகச் சிகிச்சை செய்த ஆஸ்பத்திரி நொடித்துப் போகாமல் வளர்ந்தது எப்படி? அது ஒரு சுவையான கதை.

மணலில் எழுதிய சிறுவன்

எட்டயபுரம் பக்கம் வடமலாபுரம் என்று ஒரு சிற்றூர். கரிசல் காட்டுப் பூமி. அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில், 1918-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி வெங்கடசாமி பிறந்தார். வீட்டில் அவர்தான் மூத்த பிள்ளை.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எழுதுவதற்குப் பலகையோ காகிதமோ கிடையாது. ஆற்று மணலைக் கொண்டு வந்து பரப்பி, விரலால் எழுதிப் படித்தார்.

அவருக்கு 10 வயது இருக்கும்போது உறவினர் வீட்டில் பெரிய துக்கம் நடந்தது. உறவுப் பெண்கள் 3 பேர், பிள்ளைப்பேற்றின்போது ஒருவர் பின் ஒருவராக இறந்து போனார்கள். சுற்றுவட்டாரத்தில் வைத்தியம் பார்க்க டாக்டர் இல்லை.

"நான் டாக்டராவேன். பிரசவம் பார்க்கும் டாக்டராவேன்" என்று சிறுவன் மனதில் உறுதி ஏற்பட்டது.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தார். பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1944-ம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். ராணுவ மருத்துவப் படையில் வேலை கிடைத்தது.

அப்போதுதான் விதி விளையாடியது.

கோணிய விரல்கள்

அவரைக் கடுமையான முடக்குவாதம் தாக்கியது. மூட்டுக்கு மூட்டு வீக்கம், வலி. எழுந்து நிற்க முடியவில்லை. மாதக்கணக்கில் படுத்த படுக்கையானார். 1948-ல் ராணுவ வேலை போயிற்று.

நோய் தணிந்து எழுந்தபோது கைவிரல்கள் கோணிப் போயிருந்தன. பேனாவைப் பிடிப்பதே கஷ்டம். அந்த விரல்களால் பிரசவம் பார்ப்பது எப்படி? சிறு வயதில் கண்ட கனவு கலைந்தது.

வேறொருவராக இருந்தால் "நமக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான்" என்று இருந்திருப்பார். வெங்கடசாமி மறுபடியும் படிக்கப் போனார். இந்தத் தடவை கண் மருத்துவம்! 1951-ல் அந்தப் படிப்பை முடித்தார்.

கண் ஆபரேஷன் என்பது நூலிழை பிசகக்கூடாத வேலை. கோணிய விரலுக்கு ஏற்றபடி கருவிகளைத் தானே வடிவமைத்துக்கொண்டார். கத்தியைப் பிடித்துப் பிடித்துப் பழகினார். கை படிந்தது.

பிற்காலத்தில் அதே கையால் ஒரே நாளில் 100 ஆபரேஷன் வரை செய்தார். வாழ்நாளில் அவர் செய்த கண் ஆபரேஷன்கள் 1 லட்சத்துக்கும் மேல்!

1956-ல் மதுரை அரசாங்க மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவப் பகுதிக்குத் தலைவரானார். 20 ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். ஊர் ஊராகப் போய்க் கண் சிகிச்சை முகாம் நடத்தினார். 1973-ல் மத்திய சர்க்கார் அவருக்குப் "பத்மஸ்ரீ" பட்டம் கொடுத்தது.

1976-ல் ஓய்வு வந்தது.

குடும்பமே கூலியில்லா வேலைக்காரர்கள்!

வெங்கடசாமி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தகப்பனார் காலமான பிறகு, தம்பி தங்கைகளைப் படிக்கவைத்து ஆளாக்கியது அவர்தான். தங்கை நாச்சியாரைக் கண் டாக்டராக்கினார். நாச்சியாரின் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் கண் டாக்டர்.

"சர்க்கார் ஆஸ்பத்திரிகளால் மட்டும் எல்லாருக்கும் கண் கொடுக்க முடியாது. நாம் ஒரு ஆஸ்பத்திரி தொடங்க வேண்டும்" என்பது அண்ணனின் எண்ணம். குடும்பம் தட்டவில்லை. தங்கை, தங்கை கணவர், தம்பி, சம்பந்தி வீட்டு டாக்டர்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். "கோவெல் டிரஸ்டு" என்ற தரும அமைப்பு உருவாயிற்று. வெங்கடசாமி, மகான் அரவிந்தரிடம் பக்தி கொண்டவர். ஆகவே ஆஸ்பத்திரிக்கு "அரவிந்த்" என்றே பெயர் வைத்தார்.

பணம்? பாங்கியில் கடன் எளிதில் கிடைக்கவில்லை. ஓய்வு பெற்ற மனிதர் இலவச ஆஸ்பத்திரி கட்டப் போகிறேன் என்றால் எந்தப் பாங்கி நம்பும்? வீட்டை அடமானம் வைத்தார். குடும்பத்துப் பெண்களின் நகைகளும் அடகுக்குப் போயின.

தம்பி சீனிவாசன் கட்டிட வேலை தெரிந்தவர். வரவு செலவும் கட்டிடமும் அவர் பொறுப்பு. பணம் வரவரக் கட்டிடம் எழும்பியது. 1977-ல் 30 கட்டில் சேர்ந்தது. 1978-ல் ஏழைகளுக்கென்று 70 கட்டிலுடன் ஓர் ஆஸ்பத்திரி எழுந்தது. 1981-ல் 250 கட்டிலுடன் பெரிய ஆஸ்பத்திரி! 1984-ல் 350 கட்டிலுடன் இலவச ஆஸ்பத்திரி!

இலவசம் என்றும் வரவில்லை!

ஆஸ்பத்திரி கட்டியாயிற்று. டாக்டர்கள் தயார். ஆபரேஷன் இலவசம். கூட்டம் அலைமோதும் என்றுதானே நினைக்கத் தோன்றும்?

அங்கேதான் ஒரு அதிர்ச்சி காத்திருந்தது.

கிராமத்தில் முகாம் போட்டார்கள். நூற்றுக்கணக்கானவர்களைப் பரிசோதித்தார்கள். பலருக்குக் கண்புரை முற்றியிருந்தது. கண்புரை என்பது வேறொன்றும் இல்லை. கருவிழிக்குப் பின்னால் ஒரு சிறிய வில்லை இருக்கிறது. வயதாக ஆக அது வெளுத்து மங்கிவிடும். பனி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல இருக்கும். முற்றிவிட்டால் பார்வையே போய்விடும். ஆனால் ஆபரேஷன் செய்தால் திரும்பி வரும்.

"மதுரைக்கு வாருங்கள். ஆபரேஷன் இலவசம்" என்று சொல்லி அனுப்பினார்கள். வந்தவர்கள் சிலரே! பலர் வரவேயில்லை.

பார்வை போன பிறகும், இலவசம் என்று சொன்ன பிறகும், ஏன் வரவில்லை? டாக்டர்களுக்குப் புரியவில்லை. கிராமங்களுக்குப் போய் விசாரித்தார்கள். கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது.

ஒரு கிராமத்துப் பாட்டியை நினைத்துப் பாருங்கள்.

மதுரைக்குப் போக பஸ் கட்டணம் வேண்டும். கண் தெரியாதவள் தனியாகப் போக முடியாது. மகன் கூடப் போக வேண்டும். இரண்டு பஸ் கட்டணம் ஆயிற்று. மகன் நாலு நாள் வேலைக்குப் போகாவிட்டால் நாலு நாள் கூலி போயிற்று. பட்டணத்தில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? எங்கே தங்குவது?

"வயசான காலத்திலே கண்ணு தெரிஞ்சு நான் என்ன செய்யப் போறேன்? இவனுக்கு ஏன் செலவு?" என்று பாட்டி சும்மா இருந்துவிடுவாள்.

இதற்கு மேல் பயம் வேறு! "கண்ணைத் தோண்டி எடுத்துவிடுவார்களாம்" என்று ஊரில் பேச்சு.

ஆபரேஷன்தான் இலவசம். ஆனால் ஆபரேஷனுக்கு வருவது இலவசம் அல்ல! ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் கற்ற முதல் பாடம் இதுதான்.

பஸ், சோறு, பாய்!

ஆகவே புது ஏற்பாடு செய்தார்கள்.

முகாம் நடக்கும் இடத்துக்கே பஸ் வரும். ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களை அன்றைக்கே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும். ஆஸ்பத்திரியில் சாப்பாடு போடுவார்கள். படுக்கப் பாய் கொடுப்பார்கள். மருந்து கொடுப்பார்கள். ஆபரேஷன் முடிந்ததும் அதே பஸ்சில் ஊரில் கொண்டு வந்து இறக்கிவிடுவார்கள். சில வாரம் கழித்து டாக்டர்களே அந்த ஊருக்கு வந்து மறுபடியும் கண்ணைப் பார்ப்பார்கள்.

மகன் கூட வர வேண்டியதில்லை. ஏன் என்றால், பஸ்சில் வருகிறவர்கள் எல்லாரும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள். பாட்டிக்குத் துணை, அடுத்த தெருத் தாத்தா! "அவரும் வருகிறார், இவளும் வருகிறாள்" என்றதும் பயம் பாதி போய்விட்டது.

செலவு கூடியது உண்மைதான். ஆனால் வருகிறவர்கள் தொகையும் கூடியது.

விளம்பரம் செய்தது யார்?

ஒரு கடைக்காரர் தன் சரக்கைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் விளம்பரம் செய்யலாம். டாக்டர் அப்படிச் செய்ய முடியாது. "என்னிடம் வாருங்கள்" என்று விளம்பரம் செய்து நோயாளிகளைப் பிடிப்பது தவறு என்பது டாக்டர் தொழிலின் பழைய மரபு. 2002-ல் இந்திய மருத்துவக் கவுன்சில் கொண்டு வந்த ஒழுங்கு விதிகளிலும் அது இருக்கிறது. புதிதாகத் தொழில் தொடங்கினால், இடம் மாறினால், பத்திரிகையில் அறிவிக்கலாம். அதற்கு மேல் தம்பட்டம் கூடாது.

அப்படியானால் அரவிந்த் ஆஸ்பத்திரி பற்றி கிராமத்துக்குச் சொன்னது யார்?

ஊர்க்காரர்கள்தான்!

ஒவ்வொரு முகாமுக்கும் ஊரில் ஒரு பொறுப்பாளர் உண்டு. ஒரு ஊரில் லயன்ஸ் சங்கம். இன்னொரு ஊரில் ரோட்டரி சங்கம். வேறொரு ஊரில் பள்ளிக்கூடம், ஆலை, கோவில் நிர்வாகம் அல்லது ஊர்ப் பெரியவர். இடம் கொடுப்பது அவர்கள். முகாமைப் பற்றி ஊருக்குச் சொல்வதும் அவர்கள். துண்டு நோட்டீசு அடிப்பார்கள். சுவரொட்டி ஒட்டுவார்கள். வண்டியில் ஒலிபெருக்கி கட்டி, "வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம்" என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போவார்கள்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து கூப்பிட்டால் சந்தேகப்படும் கிழவி, தெரிந்த மனிதர் கூப்பிட்டால் வருகிறாள். ஊர்க்காரர்களும், "இது நம் முகாம்" என்று ஓடியாடி வேலை செய்கிறார்கள்.

ஆஸ்பத்திரி தரப்பில் டாக்டர்கள், நர்சுகள், கருவிகள், பஸ் எல்லாம் வரும். வெறும் கண்ணாடி மட்டும் தேவைப்படுகிறவர்களுக்கு, முகாமிலேயே வைத்து மூக்குக் கண்ணாடி செய்து குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய விளம்பரம் ஒன்று உண்டு. கைத்தடியைத் தட்டிக்கொண்டு பஸ்சில் ஏறிப்போன பாட்டி, நாலாம் நாள் தடி இல்லாமல் இறங்கித் தானாக வீட்டுக்கு நடந்து போகிறாள். தெருவே பார்க்கிறது. அடுத்த முகாமுக்கு அந்தத் தெருவில் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை!

யார் காசு கொடுப்பது?

சரி, கூட்டம் வந்துவிட்டது. பணத்துக்கு வழி?

ஆஸ்பத்திரியில் இரண்டு பக்கம் உண்டு. ஒன்று கட்டணப் பக்கம். மற்றொன்று இலவசப் பக்கம்.

"நீ ஏழையா, பணக்காரனா? சர்டிபிகேட் கொண்டு வா" என்று யாரும் கேட்பதில்லை. எந்தப் பக்கம் போவது என்பதை நோயாளியே முடிவு செய்யலாம்.

அப்படியானால் பணக்காரர்களும் இலவசப் பக்கம் போய்விட மாட்டார்களா?

பெரும்பாலும் போவதில்லை. இலவசப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். கட்டணப் பக்கத்தில் கட்டில் உண்டு. தனி அறை உண்டு. இன்னும் கூடக் கொடுத்தால் குளுகுளு வசதி செய்த அறையும் உண்டு. வசதி வேண்டுகிறவர் வசதிக்குக் காசு கொடுக்கிறார்.

ஆனால் வித்தியாசம் எல்லாம் படுக்கும் இடத்தோடு சரி. ஆபரேஷன் மேஜையில் வித்தியாசம் கிடையாது! இன்று கட்டணப் பக்கம் ஆபரேஷன் செய்யும் டாக்டரே, முறை மாறும்போது இலவசப் பக்கம் போய் ஆபரேஷன் செய்வார். "ஏழைக்குக் கற்றுக்குட்டி, பணக்காரருக்குப் பெரிய டாக்டர்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

அங்கே ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், காசே இல்லாமலோ மிகக் குறைந்த காசுக்கோ செய்துகொள்கிறார்கள். முகாமில் வந்து கண்புரை ஆபரேஷன் செய்துகொள்ளும் ஏழைகளுக்காக அரசாங்கமும் ஒரு சிறு தொகை கொடுக்கிறது. மற்றபடி, காசு கொடுப்பவர்களிடம் வரும் பணத்திலேயே ஆஸ்பத்திரியின் அன்றாடச் செலவு நடக்கிறது.

கட்டணம் கொடுப்பவர்களிடம் கொள்ளை அடிக்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. வெளியே உள்ளதை விட அங்கே கட்டணம் குறைவு. பிறகு எப்படிக் கட்டுப்படியாகிறது?

இரண்டு மேஜை ரகசியம்

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது.

டாக்டர் சம்பளம், கட்டிடம், கருவிகள் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 1000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு 5 பேருக்கு ஆபரேஷன் செய்தால், ஒருவருக்கு ஆகும் செலவு 200 ரூபாய். அதே நாளில் 50 பேருக்குச் செய்தால்? ஒருவருக்கு 20 ரூபாய்தான்!

ஆக, ஆபரேஷன் பெருகப் பெருக, ஒரு ஆபரேஷனுக்கு ஆகும் செலவு குறைகிறது. ஏழைகள் கூட்டமாக வருவது ஆஸ்பத்திரிக்குப் பாரம் அல்ல. அதுவே பலம்!

ஆனால் ஒரே டாக்டர் அத்தனை ஆபரேஷன் செய்வது எப்படி?

வெங்கடசாமி அமெரிக்கா போயிருந்தபோது, ரொட்டிக்குள் கறி வைத்து விற்கும் "மெக்டொனால்டு" கடைகளைப் பார்த்தார். எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் அதே ருசி, அதே விலை, அதே வேகம். சமையலில் கரை கண்டவர்கள் யாரும் அங்கே இல்லை. சாதாரணப் பையன்களுக்கும் பெண்களுக்கும் சிறு சிறு வேலையாகப் பிரித்துக் கொடுத்து, நன்றாகப் பழக்கியிருந்தார்கள். "இதே முறையில் கண்பார்வை கொடுத்தால் என்ன?" என்று அவருக்குத் தோன்றியது.

அரவிந்த் ஆபரேஷன் அறையில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒரு மேஜையில் ஒருவருக்கு ஆபரேஷன் நடக்கும். அதற்குள் பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளியைப் படுக்க வைத்து, கண்ணைச் சுத்தம் செய்து, கருவிகளை வரிசையாக எடுத்து வைத்துவிடுவார்கள் நர்சுகள். இந்த ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் திரும்புவார். பூதக்கண்ணாடிக் கருவியும் அந்தப் பக்கம் திரும்பும். அடுத்த ஆபரேஷன் தொடங்கிவிடும். டாக்டர் கை ஒரு நிமிடம் சும்மா இருப்பதில்லை.

காலையில் 7 மணி, 7-30 மணிக்கெல்லாம் ஆபரேஷன் ஆரம்பம். இப்படியே, ஒரு டாக்டர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 ஆயிரம் ஆபரேஷன் செய்கிறார். மற்ற இடங்களில் ஒரு கண் டாக்டர் செய்வதைப் போல இது பல மடங்கு.

அவசரத்தில் தப்பு வராதா? அதற்கும் கணக்கு உண்டு. ஒவ்வொரு டாக்டரின் ஆபரேஷனுக்குப் பிறகும் எத்தனை பேருக்குச் சீழ் பிடித்தது, எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது என்று குறித்து வைக்கிறார்கள். யாருக்குத் தவறு அதிகமோ அவரை மறுபடி பழக்குகிறார்கள். இங்கிலாந்து ஆஸ்பத்திரிக் கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தபோது, மதுரைக் கணக்கு தாழ்ந்துவிடவில்லை.

கிராமத்துப் பெண்கள்

இந்த ஆஸ்பத்திரியின் முதுகெலும்பு யார்? டாக்டர்களா? இல்லை. ஓடியாடும் கிராமத்துப் பெண்கள்!

பள்ளிப் படிப்பு முடித்த பெண்களைக் கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள். மார்க்கு மட்டும் போதாது. பொறுமை இருக்கிறதா, அன்பாகப் பேசுகிறாளா என்றும் பார்க்கிறார்கள். பெற்றோரையும் அழைத்துப் பேசுகிறார்கள். பிறகு 2 ஆண்டு பயிற்சி. பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டாம். உதவித் தொகை வேறு கிடைக்கும்.

பார்வையைச் சோதிப்பது ஒரு பெண். கண் அழுத்தம் பார்ப்பது இன்னொரு பெண். ஆபரேஷன் மேஜையில் டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுப்பது வேறொரு பெண். டாக்டர் செய்யவேண்டிய வேலையை மட்டும் டாக்டர் செய்கிறார். மற்றதையெல்லாம் இவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரி ஊழியர்களில் பாதிக்கு மேல் இந்தப் பெண்கள்தான்.

நோயாளிக்கு விளக்கம் சொல்வதற்கென்றே சிலர் இருக்கிறார்கள். "ஆபரேஷன் என்றால் என்ன? வலிக்குமா? எவ்வளவு ஆகும்? எப்போது வீட்டுக்குப் போகலாம்?" என்ற கேள்விகளுக்கெல்லாம் ஊர்ப் பேச்சிலேயே பதில் சொல்வார்கள். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படும் பாட்டி, இந்தப் பெண்ணிடம் மனம் விட்டுக் கேட்பாள்.

கிராமத்தில் சீக்கிரம் கல்யாணம் ஆகிப் போயிருக்க வேண்டிய பெண்கள் பலர், இப்படிச் சொந்தக் காலில் நின்றார்கள்.

கண்ணுக்குள் வைக்கும் வில்லை

1980-ம் ஆண்டுகளில் ஒரு புதுச் சிக்கல் வந்தது.

அதுவரை கண்புரை ஆபரேஷன் என்றால், மங்கிய வில்லையை எடுத்துவிட்டுத் தடித்த மூக்குக் கண்ணாடி கொடுப்பார்கள். கண்ணாடி போட்டால்தான் பார்வை. வயலில் வேலை செய்யும்போது கண்ணாடி விழுந்து உடைந்தால், மறுபடியும் குருடு!

மேல்நாட்டில் புது முறை பரவியிருந்தது. எடுத்த வில்லைக்குப் பதிலாக, கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லை வைத்துவிடுவார்கள். தடித்த கண்ணாடி தேவை இல்லை. ஆனால் அந்த வில்லை ஒன்று 100 டாலர் அளவுக்கு விலை! 

கட்டணப் பக்கத்து நோயாளி காசு கொடுத்து வைத்துக்கொள்வார். இலவசப் பக்கத்துப் பாட்டிக்கு யார் வாங்கிக் கொடுப்பது? "இரண்டு பக்கமும் ஒரே சிகிச்சை" என்ற கொள்கைக்கே ஆபத்து வந்துவிட்டது.

அதை அப்படியே விட்டுவிட ஆஸ்பத்திரிக்கு மனம் இல்லை. "விலைக்கு வாங்க முடியாவிட்டால், நாமே செய்வோம்!" என்று முடிவு செய்தார்கள்.

"நெல்லுக்குள் இருக்கும் அரிசி போன்ற பொருள். தூசி பட்டாலே கெட்டுப்போகும். அதை மதுரையில் செய்வதாவது!" என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. அமெரிக்காவில் உள்ள "சேவா" என்ற தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த நண்பர்கள் உதவினார்கள். 1992-ல் மதுரையில் "ஆரோலேப்" என்ற தொழிற்சாலை உதயமாயிற்று.

100 டாலர் வில்லை, 10 டாலருக்கு வந்தது. பிறகு அதற்கும் கீழே இறங்கியது! அங்கே செய்யும் வில்லைகள் இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன. இலவசப் பக்கத்துப் பாட்டிக்கும் கண்ணுக்குள் வில்லை கிடைத்தது.

தொழில் ரகசியம் இல்லை!

வியாபாரத்தில் வெற்றி பெற்றவர், அந்த வித்தையைப் பக்கத்துக் கடைக்காரருக்குச் சொல்லிக் கொடுப்பாரா? அரவிந்த் ஆஸ்பத்திரி சொல்லிக் கொடுத்தது.

1992-ல் லயன்ஸ் சங்கத்தாரின் துணையோடு அதற்கென்றே ஒரு பயிற்சி நிலையம் ஏற்பட்டது. முகாம் நடத்துவது எப்படி, மருந்துச் செலவைக் குறைப்பது எப்படி, நோயாளியைக் காக்க வைக்காமல் பார்ப்பது எப்படி, கணக்கு வைப்பது எப்படி என்று மற்ற ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து படித்துப் போகிறார்கள். இந்தியாவிலும் வெளிநாட்டிலும் உள்ள நூற்றுக்கணக்கான கண் ஆஸ்பத்திரிகள் இப்படிப் பயன் அடைந்தன.

அமெரிக்காவில் உள்ள ஹார்வர்டு வியாபாரக் கல்லூரி, 1993-ல் அரவிந்த் ஆஸ்பத்திரி நடக்கும் முறையை மாணவர்களுக்குப் பாடமாகவே எழுதி வைத்தது!

"நமக்குப் போட்டி வந்துவிடாதா?" என்று கேட்டால், பதில் எளிது. நாட்டில் கண் தெரியாதவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஒரே ஆஸ்பத்திரியால் அத்தனை பேருக்கும் ஆபரேஷன் செய்ய முடியாது.

குறையே இல்லையா?

இருக்கிறது. அங்கே வேலை கடுமை. காலை முதல் மாலை வரை ஓய்வில்லை. வெளியே போனால் கண் டாக்டருக்கு அதிகச் சம்பளம் கிடைக்கும். ஆகவே தொழில் கற்றுக்கொண்டு வெளியே போகிற டாக்டர்களும் உண்டு. புதியவர்களைப் பழக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

முகாம்களிலும் ஒரு குறை தெரிந்தது. ஊரில் எப்போதோ ஒரு நாள் முகாம் நடக்கிறது. அன்றைக்கு வெளியூர் போனவர்? மறுநாள் கண்ணில் தூசி விழுந்தவர்? அவர்கள் என்ன செய்வார்கள்?

இதற்காக 2004-ம் ஆண்டிலிருந்து சிற்றூர்களில் சிறிய கண் நிலையங்கள் தொடங்கினார்கள். அங்கே டாக்டர் இல்லை. பயிற்சி பெற்ற பெண் இருப்பார். கண்ணைச் சோதித்து, படம் எடுத்து, கம்ப்யூட்டர் வழியாக ஆஸ்பத்திரி டாக்டருக்கு அனுப்புவார். டாக்டர் திரையில் தோன்றி நோயாளியோடு நேரில் பேசுவது போலப் பேசுவார். சிறு கோளாறு என்றால் அங்கேயே சிகிச்சை முடிந்துவிடும். ஆபரேஷன் தேவை என்றால்தான் பஸ் ஏற வேண்டும். இப்படிப்பட்ட நிலையங்கள் இன்று 100-ஐத் தாண்டிவிட்டன.

ஆலமரம்

தேனியில் 1985-லும், திருநெல்வேலியில் 1988-லும், கோவையில் 1997-லும், புதுச்சேரியில் 2003-லும், சென்னையில் 2017-லும் அரவிந்த் ஆஸ்பத்திரிகள் தோன்றின. வேறு ஊர்களிலும் தோன்றின. விழுது விட்ட ஆலமரம் போல ஆயிற்று.

2006-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி டாக்டர் வெங்கடசாமி காலமானார். அப்போது அவருக்கு வயது 87. முதுமையிலும் அவர் ஆஸ்பத்திரிக்கு வருவதை நிறுத்தவில்லை.

அவர் மறைந்தால் ஆஸ்பத்திரி தளர்ந்துவிடும் என்று பயந்தவர்கள் இருந்திருக்கலாம். தளரவில்லை. 2008-ல் கேட்ஸ் அறநிலையத்தின் உலகப் பரிசும், 2010-ல் ஹில்டன் அறநிலையத்தின் பரிசும் அரவிந்துக்குக் கிடைத்தன. அண்ணனோடு தொடக்கத்திலிருந்தே உழைத்த தங்கை டாக்டர் நாச்சியாருக்கு 2024-ல் "பத்மஸ்ரீ" பட்டம் கிடைத்தது.

ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள், "நோயாளி ஏன் என்னிடம் வரவில்லை?" என்று கவலைப்படுவது உண்டு. மதுரை டாக்டரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். ஆனால் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு கேட்கவில்லை. பாட்டியின் வீட்டுத் திண்ணைக்கே போய்க் கேட்டார்.

"பஸ்சுக்குக் காசு இல்லை" என்று பதில் வந்தது. பஸ் அனுப்பினார்.